ஆரண்ய காண்டம்: விமர்சகர்கள் வாழ்த்தினார்கள், அரங்குகள் காற்று வாங்கின

‘ஆரண்ய காண்டம்’ திரைப்படம் வெளியானபோது யாருக்கும் புரியவில்லை, பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். 2011 ஜூன் 10 அன்று வெளியான படத்தை அந்த வாரத்திலேயே பார்த்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். விமர்சகர்களுக்கு அது அப்போதே புரிந்திருந்தது. நான் வாசித்த விமர்சனங்கள் பெரும்பாலும் புதிய இயக்குநர் தியாகராஜன் குமாரராஜாவைக் கைதட்டி வரவேற்றன. அவற்றில் ஒன்றை நம்பித்தான் மாலைக் காட்சிக்குச் சென்றேன். எனக்கு முன்னால் மூன்று வரிசைகள் காலியாக இருந்தன.

ஏன் காலி என்பதற்குக் காரணங்கள் படத்துக்கு வெளியிலும் இருந்தன. தணிக்கைக் குழு 52 வெட்டுகள் கேட்டதால் தயாரிப்புத் தரப்பு தில்லியில் இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தது. ‘ஏ’ சான்றிதழ் கிடைத்ததால் குடும்பங்கள் வரவில்லை, தொலைக்காட்சி வழியும் அடைபட்டது. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை இருந்ததே தவிர, படம் வருவதற்கு முன்பே தேநீர்க் கடைகளில் ஒலித்து ஆளை இழுக்கும் பாடல் ஒன்றுகூட இல்லை. படத்தில் நடித்த இந்தி நடிகர் ஜாக்கி ஷெராஃப் இங்கே யாரையும் முதல் நாள் வரிசையில் நிறுத்தக்கூடிய பெயர் அல்ல. போதாக்குறைக்கு, அந்தப் பாராட்டுகளில் பல, ‘எல்லாருக்குமான படமல்ல’ என்ற எச்சரிக்கையோடு முடிந்தன. (அந்த ஒரு வரியே பாதிக் கூட்டத்தை வீட்டில் உட்கார வைத்திருக்கும் என்பது என் எண்ணம்.)

ஆனால் அரங்கில் இருந்த சிலர் அசையவில்லை. சேவல் சண்டையில் எல்லாவற்றையும் வைத்து ஆடும் காளையனின் முகத்தையும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகன் கொடுக்காப்புளியின் முகத்தையும் பார்த்தபோது, எனக்குப் பின்னால் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். காளையனாக நடித்த குரு சோமசுந்தரத்தை அன்றுதான் நான் முதன்முதலாகத் திரையில் பார்த்தேன்.

——

மேலே எழுதிய ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும், அன்றைய விமர்சனங்களைப் பின்னாளில் தேடி வாசித்தவன் என்ற வகையில் எனக்கு ஒரு குறை உண்டு. நான் கண்டவரை, வட சென்னையின் ஒரே ஒரு நாளுக்குள் கதையை அடக்கிய நேர்த்தி, பி. எஸ். வினோத்தின் ஒளிப்பதிவு, பசுபதி பாத்திரத்தில் சம்பத்தின் நடிப்பு ஆகியவற்றைப் பற்றியே அவை அதிகம் பேசின. 59ஆவது தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநருக்கான விருதோடு, பிரவீன், ஸ்ரீகாந்த் இருவரின் படத்தொகுப்புக்கும் விருது கிடைத்தபின் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. தாதா சிங்கபெருமாளின் (ஜாக்கி ஷெராஃப்) வீட்டில் அடைபட்டிருக்கும் சுப்பு என்ற பெண்ணைப் பற்றி ஓரிரு வாக்கியங்களுக்கு மேல் நான் காணவில்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவில் கடைசிவரை தெளிவாகக் கணக்குப் போடுபவள் அவள்தான். அவளை ஓரத்தில் வைத்துவிட்டுப் படத்தின் முடிவை எப்படி மதிப்பிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.