மாமல்லபுரத்தில் இரண்டு நாள்: அம்மாவோடு எங்கெல்லாம் போகலாம்?

கேள்வி:
மட்டக்களப்பில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் சென்னை போகிறேன், அதில் இரண்டு நாள் மாமல்லபுரத்துக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் கோயில் என்றால் விடமாட்டா. கடற்கரைக் கோயிலைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்?

பதில் 1:
தம்பி, வெள்ளனவே போங்கோ, வெயில் ஏறினால் கல் சுடும். கடற்கரைக் கோயிலில் இப்போது பூசை இல்லை, அம்மா கும்பிட ஊருக்குள்ளேயே தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. அர்ச்சுனன் தபசுப் பாறை அதற்குப் பக்கத்தில்தான். அதில் யானைக்குக் கீழே ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிவர எலிகள். நான் அதிலேயே அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன்.

பதில் 2:
திருக்கழுக்குன்றம் மலைக்கு 500 படிக்கு மேல், அம்மாவுக்கு வேண்டாம். அடிவாரத்துப் பக்தவத்சலேசுவரர் கோயிலே போதும், சரியான பெரிய கோயில்.

பதில் 3:
சாளுவன்குப்பம் முருகன் கோயிலை விட்டுவிடாதீங்க. 2004 சுனாமி மண்ணை அரித்து ஒரு கல்வெட்டைக் காட்ட, அதைப் பிடித்துத் தோண்டியபோது வெளிவந்தது அது. பல்லவர் கட்டடத்துக்குக் கீழே இன்னும் பழைய செங்கல் கோயில், முன்னால் கல் வேல். மட்டக்களப்புக் கல்லடியில் அதே சுனாமியில் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கே நின்றபோது கண் கலங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அம்மாவும் கல்லடிதான். முதல் நாள் காலையிலேயே சாளுவன்குப்பம் போகிறோம்.