உதவி: பழைய ட்வென்டிநைனர் (29er) பாய்மரப் படகு வாங்கினோம், கருவிச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள்

கொண்டல்:
வணக்கம். என் மகளும் அவள் தோழியும் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் பழகி, இப்போது இருவர் ஓட்டும் ட்வென்டிநைனருக்கு வந்திருக்கிறார்கள். சென்னையில்தான் பயிற்சி. புதுப் படகு கட்டுப்படியாகவில்லை, அதனால் வெளியூரிலிருந்து ஒரு பழைய படகை வாங்கினோம். ஹல்லில், அதாவது படகின் உடலில், விரிசலோ மெதுமெதுப்போ இல்லை. தண்ணீரில் அருமையாகப் போகிறது.

போட்டிக்கு முந்தின நாள் கருவிச் சோதனையில் மூன்று விஷயங்களைக் காட்டி, இப்படியே இறங்க முடியாது என்றார்கள். முதலாவது டேகர்போர்டு, படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை. முன்பு வைத்திருந்தவர் அதன் பின்விளிம்பை உப்புத்தாள் போட்டு மெல்லிசாகத் தேய்த்திருக்கிறார். அடுத்தது மெயின் பாய், அதாவது முதன்மைப் பாய். நல்ல துணி, நல்ல தையல், ஆனால் வகுப்பின், அதாவது ஒரே விதிகளின்கீழ் போட்டியிடும் இந்தப் படகு வகையின், முத்திரை இல்லை. மூன்றாவது, முன்னால் விரியும் பெரிய பாயான ஸ்பின்னக்கரை ஏற்றும் கயிற்றில் கூடுதலாக மாட்டியிருந்த ஒரு கப்பி.

விற்றவரைக் கேட்டால், "எங்கள் கிளப்பில் இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை" என்கிறார். வகுப்பு விதிகளை நானே உட்கார்ந்து வாசித்தேன். அந்த இடத்தில் கப்பி கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாத ஒன்றுக்காக எப்படி நிறுத்தலாம்? இதில் எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்? இந்தப் படகை இப்படியே ஏற்றுக்கொள்ளும் வேறு வகுப்பு ஏதாவது இருக்கிறதா?

வாடைக்கரை:
சார், விதிகளை நீங்கள் தலைகீழாக வாசிக்க வேண்டும். "எங்கே தடுத்திருக்கிறது" என்று தேடாதீர்கள், "எங்கே அனுமதித்திருக்கிறது" என்று தேடுங்கள். வகுப்பு விதிகளில் இரண்டு இனம் உண்டு, உலகப் பாய்மரப் படகு அமைப்பான வேர்ல்ட் செய்லிங்கின் கருவி விதிகளே இதைப் பிரித்துச் சொல்கின்றன. மூடிய விதிகளில், அனுமதி என்று எழுதாத எல்லாமே தடை. திறந்த விதிகளில், தடை என்று எழுதாத எல்லாமே அனுமதி. ட்வென்டிநைனர், அதன் பெரிய அண்ணனான ஃபார்ட்டிநைனர் இரண்டுமே மூடிய விதி வகுப்புகள். அந்தக் கப்பியைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்றால், அதுவே பதில்.

இது பிடிவாதம் இல்லை. ஜூலியன் பெத்வெய்ட் வடிவமைத்த இந்தப் படகுகளை உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் மட்டும், ஒரே மூல வடிவத்திலிருந்து எடுத்த அச்சுகளில் வார்க்கின்றன. ஒவ்வொரு படகையும் கரையில் வைத்து அங்குலம் அங்குலமாக யாரும் அளப்பதில்லை. வடிவம் தொழிற்சாலையிலேயே உறுதியாகிவிட்டது என்ற நம்பிக்கையில்தான் போட்டி நடக்கிறது. சொந்தக்காரர் உப்புத்தாளை எடுத்த நிமிடமே அந்த நம்பிக்கை போய்விடுகிறது. உங்கள் மகளுக்கும் இது நல்லதுதான். பக்கத்துப் படகு முந்திப் போனால், காரணம் அதை ஓட்டும் கைகள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் மூன்றுக்கும் வருகிறேன். கப்பியைக் கழற்றிவிடுங்கள், பத்து நிமிட வேலை. பாய்க்கு மருந்து இல்லை. உரிமம் உள்ளவர் தைக்கும்போது வைக்கும் முத்திரையைப் பிறகு ஒட்ட முடியாது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதனால் போட்டிப் பாயின் ஆயுள் கூடும்.

டேகர்போர்டுதான் கஷ்டமான சங்கதி. அடிபட்டு உடைந்த மூலையை எபாக்ஸி வைத்து நிரப்பிப் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்தால் அது பழுதுபார்ப்பு. வேகத்துக்காக விளிம்பைச் சீவினால் அது வடிவ மாற்றம். உங்களுடையது இரண்டாவது. மறுபடி நிரப்பிப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். மூல வடிவத்துக்கு வந்துவிட்டது என்பதை எப்படி நிரூபிப்பீர்கள்? அந்த நேரத்தையும் பணத்தையும் பழையதானாலும் தொழிற்சாலைப் பலகை ஒன்றில் போடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் படம் எடுத்துச் சோதனை செய்பவருக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் எதிரிகள் இல்லை, முன்கூட்டியே கேட்பவர்களைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

கயிறுகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். விதியில் எங்கெல்லாம் விருப்பம்போல் என்று எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் உங்கள் இஷ்டம்.

நங்கூரம்77:
சாதாரணத் தேய்மானத்துக்கும் இதே கதி என்று பயந்துவிடாதீர்கள். சேதத்தாலோ வழக்கமான தேய்மானத்தாலோ அளவு கொஞ்சம் தவறி, அதனால் படகு வேகம் கூடவும் இல்லை என்றால் தண்டனை கிடையாது. அடுத்த ஓட்டத்துக்கு முன் சரிசெய்ய வாய்ப்பு இருந்தால் சரிசெய்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் படகை விதிப்படி வைத்திருக்கும் பொறுப்பு சொந்தக்காரருடையது, பாய்மரப் போட்டியின் பொது விதிகளில் 78ஆம் விதி. விற்றவர் சொன்னது அங்கே செல்லாது.

போர்ட்ஜாக்சன்:
சிட்னியிலிருந்து எழுதுகிறேன். வேறு வகுப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

திறந்த மனதுள்ள வகுப்புகள் உண்டு. இன்டர்நேஷனல் ஃபோர்ட்டீன் என்றால் நீளம், அகலம், எடை, பாய்ப் பரப்பு என்று ஒரு சட்டம் போட்டு, அதற்குள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்கிற வகுப்பு. 1938இல் பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் ட்ரபீஸில், அதாவது பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் படகுக்கு வெளியே தொங்கியபடி, இங்கிலாந்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை வென்றார்கள். உடனே அந்த வகுப்பு ட்ரபீஸையே தடை செய்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப அனுமதித்து, இன்று இரண்டு பேருமே கம்பியில் தொங்குகிறார்கள், சுக்கானின் அடியில் சிறகு வேறு. வடிவத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் இந்த வகுப்புகள் இல்லையென்றால் ட்வென்டிநைனர் பிறந்தே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் உங்கள் படகு அங்கே நுழையாது. ஃபோர்ட்டீனின் ஹல் 14 அடி, அதாவது ஏறக்குறைய 4.27 மீட்டர். ட்வென்டிநைனர் 4.4 மீட்டருக்குக் குறையாது. செரப் என்ற இன்னொரு திறந்த வகுப்பின் படகு 12 அடிதான்.

எங்கள் துறைமுகத்தின் பதினெட்டடி ஸ்கிஃப் என்ற வேகப் படகுகளை நினைத்து ஆசைப்பட வேண்டாம், அது மூன்று பேர் ஓட்டும் வேறு உலகம். அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது. 1980களில் அவிழ்த்துவிட்டதுபோல் ஆட்கள் நிற்கும் பக்கச் சிறகுகள் விரிந்து, செலவு ஏறி, படகுகளின் எண்ணிக்கை சரிந்தது. பிறகுதான் ஹல் வடிவங்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் சிட்னியின் டபுள் பேயில் அந்தப் படகுகள் ஓடுகின்றன என்றால் அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

உங்களுக்கு மிச்சம் இருப்பது கிளப்பின் கலப்புப் போட்டி. பல வகைப் படகுகளுக்கு ஒரு எண் கொடுத்து நேரத்தைத் திருத்துவார்கள். அந்த எண்ணும் விதிப்படி உள்ள படகுக்குப் போட்டதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

கொண்டல்:
இப்போது புரிகிறது, மிக்க நன்றி. கப்பியைக் கழற்றியாயிற்று. வேறொரு பெற்றோரிடம் பழைய டேகர்போர்டு இருக்கிறதாம், படம் கேட்டிருக்கிறேன். இன்னொரு சந்தேகம். எங்கள் கிளப்பில் ஒருவர், "உள்ளூர்ப் போட்டிதானே, அமைப்பாளர்களே அந்தப் பாயை அனுமதித்துவிடலாம்" என்கிறார். முடியுமா?

வாடைக்கரை:
ட்வென்டிநைனர் வகுப்பு என்று பெயர் போட்டு நடத்தினால் முடியாது. 87ஆம் விதியைப் பாருங்கள். வகுப்பு விதியே அந்த மாற்றத்துக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வகுப்புச் சங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதி அதிகாரப்பூர்வ அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அமைப்பாளரின் நல்ல மனசு போதாது.

வகுப்பு விதிக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. உங்கள் பெண் ட்ரபீஸில் தொங்குவதே அந்தப் பலத்தால்தான். பொது விதிகளின் 49ஆவது விதிப்படி, உடலை வெளியே தள்ளி வைக்க உதவும் சாதனம் கூடாது. கால் பட்டைகளுக்கும், தொடைக்கு அடியில் அணியும் பட்டைகளுக்கும் மட்டும் விலக்கு. வகுப்பு விதி அதை மாற்றுவதால்தான் கம்பி வருகிறது.

நங்கூரம்77:
ட்ரபீஸ் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். கம்பியில் மாட்டிக்கொள்ள உடலில் அணியும் கொக்கிப் பட்டையான ஹார்னஸ், படகோடு வந்த பழையதையா பிள்ளைகள் போடுகிறார்கள்?

கொண்டல்:
ஆமாம், ஹார்னஸும் அவர் கொடுத்ததுதான். சாதாரணக் கொக்கி. அதைப் பற்றிச் சோதனையில் எதுவும் பேசவில்லை.

நங்கூரம்77:
அப்படியென்றால் பாயைவிட முதலில் இதை மாற்றுங்கள். படகு கவிழ்ந்து, கொக்கி கயிற்றில் சிக்கி, ஆள் பாய்க்கு அடியில் மாட்டிக்கொள்வதுதான் ஸ்கிஃபில் நான் மிகவும் பயப்படும் விஷயம். 2023 தொடக்கத்திலிருந்து, வகுப்பு வேறு சொல்லாதவரை, ட்ரபீஸில் தொங்குபவரின் ஹார்னஸ் கொக்கியிலிருந்து ஆளைச் சட்டென்று விடுவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 50ஆம் விதி சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. 10862 என்ற தரம் இதற்கென்றே இருக்கிறது, வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். சோதனையில் கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

போர்ட்ஜாக்சன்:
இதை நானும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரே நல்ல பாதை இருக்கிறது. 2018 ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதமும் ஸ்வேதா ஷெர்வேகரும் பெண்கள் ஓட்டும் ஃபார்ட்டிநைனர் எஃப்எக்ஸில் வெள்ளி வாங்கினார்கள். அதே போட்டியில் ஃபார்ட்டிநைனரில் வெண்கலம் வென்ற வருண் தக்கரும் கணபதியும் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்கள். அந்த வழியில் போக வேண்டுமென்றால் விதிப்படி உள்ள கருவியோடு இப்போதே பழகுவது நல்லது.

கொண்டல்:
சரி, புது ஹார்னஸ் இரண்டு சொல்லிவிட்டேன். வந்ததும் எப்படிச் சோதிப்பது?

நங்கூரம்77:
கரையிலேயே, பாய்மரத்தின் கம்பியில் முழு எடையையும் கொடுத்துத் தொங்கவிட்டு, ஒரே கையால் விடுவிக்கச் சொல்லுங்கள். கீழே மெத்தை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு கையால். கையுறையோடும், கண்ணை மூடிக்கொண்டும் பழக்குங்கள். மணலும் உப்பும் சேர்ந்தால் பொறி இறுகிவிடும், ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.