பள்ளி சியர் அணியும் ஆல்ஸ்டார் அணியும்: இரண்டிலும் தொடரலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வெள்ளி இரவு ஃபுட்பால் ஆட்டங்களில் ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்தும் பள்ளி சியர் (சியர்லீடிங்) அணியோடு நின்றுவிட்டு, மறுநாள் காலையிலேயே போட்டிகளுக்காகவே இயங்கும் தனியார் சியர் கிளப்பான ஆல்ஸ்டார் அணியின் பயிற்சிக்கு ஓடுகிறாள். மணிக்கட்டில் சுற்றிய பட்டையை இரவில்கூடக் கழற்றுவதில்லை. இரண்டையும் தொடரலாமா?

பதில் 1: பிப்ரவரியை முதலில் கவனியுங்கள். பள்ளி அணிகளின் தேசியப் போட்டி ஆர்லாண்டோவிலும், ஆல்ஸ்டார் அணிகளின் பெரிய போட்டி டல்லஸிலும் அந்த மாதத்தை ஒட்டியே வருகின்றன. ஒருவர் வராவிட்டாலும் ஒருவர்மேல் ஒருவர் ஏறி அமைக்கும் பிரமிடு நிற்காது என்பதால், இரு பயிற்சியாளர்களிடமும் இரண்டு அட்டவணைகளையும் கோடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பதில் 2: அட்டவணையைவிட அவர்கள் குதிக்கும் தளம்தான் எனக்குக் கவலை. ஆல்ஸ்டார் தளத்தின் அடியில் ஸ்பிரிங் உண்டு. பள்ளி அணியினரோ நுரைப்பாயிலும் கூடைப்பந்து அரங்கின் மரத்தரையிலும் குதிக்கிறார்கள். அப்படிக் குதித்தே என் மகளின் கணுக்கால் வீங்கியது. மருத்துவர் மணிக்கட்டைப் பார்க்கும்வரை டம்ளிங்கை (குட்டிக்கரணம் அடிப்பதை) நிறுத்திவையுங்கள்.

கேட்டவர்: நன்றி. நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.