மறு: 'டை ஸ்டேட்' – அச்சு நிலையா, அச்சுப் பருவமா?

நாணயச் சேகரிப்புச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம். 'டை' என்பது காசு அடிக்கும் அச்சு. அதன் 'ஸ்டேட்' (die state) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே பேச்சு.

> ஸ்டேட் என்றால் நிலைதானே? 'அச்சு நிலை' என்றே வைத்துவிடலாம். இதில் என்ன சிக்கல்?

சிக்கல் ஏலப் பட்டியலில் இருக்கிறது, ஐயா. பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டைப் பற்றிய குறிப்பில், ஒரே பத்தியில் இரண்டு செய்திகள் வரும். இந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது ஒன்று. இதை அடித்தபோது அச்சு எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் 'நிலை' என்று எழுதினால், ஏலம் கேட்பவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கையைத் தூக்குவார். 2015 ஜனவரியில் 1793-ஆம் ஆண்டின் சங்கிலி சென்ட் (பின்பக்கத்தில் சங்கிலி பொறித்தது) ஒன்று 23.5 லட்சம் டாலருக்குப் போனது. இப்படிப் பணம் புரளும் இடத்தில் சொல் குழம்பக் கூடாது. தவிர, ஒரே அச்சு வகையைச் சேர்ந்து இன்று எஞ்சியவற்றுள் மிகச் சிறந்த ஆறு காசுகளின் பட்டியலுக்கு 'நிலைவரிசை' என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். 'நிலை' காசுக்குப் போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பிலடெல்பியா அக்கசாலை 1793 முதல் 1857 வரை பெரிய செப்பு சென்ட்டுகளை அடித்தது. 1815 என்ற ஆண்டு பொறித்தவை மட்டும் கிடையாது. (அக்கசாலையா நாணயச்சாலையா என்ற சண்டையை அந்த இழையிலேயே வைத்துக்கொள்வோம்.) தொடக்க ஆண்டுகளில் அச்சுகளைக் கையால் செதுக்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பதித்தார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இராது. சங்கிலிக் காசின் ஓர் அச்சில் அமெரிக்கா என்ற பெயரை முழுதாகப் பொறிக்காமல் 'அமெரி.' என்று நிறுத்திவிட்டார்கள். 1794-இன் ஒரு வகையில் பின்பக்க விளிம்பைச் சுற்றி 94 குட்டி நட்சத்திரங்கள்! அந்த ஓராண்டுக்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு இணைகள் (முன்பக்க, பின்பக்க அச்சுச் சேர்க்கைகள்) உண்டு. நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் இவற்றுக்கெல்லாம் எண் கொடுத்தார். அந்த நட்சத்திரக் காசை இன்றும் எஸ்-48 என்றுதான் சொல்கிறார்கள்.

அச்சு எஃகாலானது என்றாலும் அடிக்க அடிக்க மழுங்கும். விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். நடுவில் வில்லை (காசாக அடிக்க வைக்கும் வெற்றுச் செப்புத் தகடு) விழாமல் போனால் இரண்டு அச்சும் நேராக மோதி, ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். கடைசியில் விளிம்போரம் ஒரு துண்டு பெயர்ந்துவிடும். அந்தக் குழிக்குள் செம்பு புகுந்து, காசில் கட்டியாக நிற்கும். இவையெல்லாம் அச்சுக்கு நேர்ந்தவை. விரிசல் விழுந்த அச்சில் பிறந்த காசு புழக்கத்துக்கே போகாமல் புத்தம் புதிதாக இருக்கலாம். புது அச்சின் முதல் காசு, எழுத்தே தெரியாமல் வழவழவென்று தேய்ந்தும் இருக்கலாம்.

ஆகவே 'அச்சுப் பருவம்' என்கிறேன். முன்பருவம், இடைப்பருவம், பின்பருவம் என்று பட்டியல்காரர்கள் சொல்லும் மூன்றும் இதற்குள் வந்துவிடும். அச்சு ஓய்ந்துபோகும் கட்டத்துக்கு இறுதிப் பருவம்.

> பருவம் என்றால் மழைக்காலம் போலத் திரும்பி வருவது. அச்சு கெட்டால் கெட்டதுதானே?

உலா இலக்கியத்தில் பெண்ணுக்குப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் சொல்கிறோம். யாரும் திரும்பப் பேதையாவதில்லையே, அம்மா!

> 'விரிசல்' வேண்டாம், 'கீறல்' போதும். எளிது.

இதற்கு மட்டும் ஒப்பவே மாட்டேன். அச்சில் விரிசல் பள்ளம். காசில் அது மேடாக எழும். கீறல் காசைக் குடைந்த காயம். விரல் நகத்தை ஓட்டினாலே வேறுபாடு தெரியும் (ஓட்டாதீர்கள், பூதக்கண்ணாடி போதும்). செப்புக் காசு சேகரிப்பவர்கள் தேய்மானத்தைப் பார்த்து 70-க்கு 20 என்று மதிப்பிட்டு, கீறலுக்கும் அரிப்புக்கும் குறைத்து 12 என்று நிறுத்துவார்கள். அச்சு விரிசலுக்கு அப்படிக் கழிப்பதில்லை. அரிய பின்பருவமாக இருந்தால் விலை ஏறக்கூட ஏறும். அதைக் 'கீறல்' என்று மொழிபெயர்த்தால் நல்ல காசைக் கெடுத்தவர்களாவோம்.

சொல்ல மறந்தேன், இந்த 1 முதல் 70 வரையான மதிப்பெண்ணும் ஷெல்டன் தந்ததுதான். முதலில் அது ஒரு விலைக்கணக்கு: 70 பெற்ற காசு, அதே வகையில் 1 பெற்ற காசைப் போல 70 மடங்கு பெறும் என்பது அவர் எண்ணம். சந்தை அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. எண்கள் மட்டும் எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் பரவிவிட்டன.

---

> யாரும் திரும்பப் பேதையாவதில்லையே, அம்மா!

சரி, பருவத்துக்கு என் ஓட்டு. ஆனால் ஓர் ஐயம். மோதல் தடத்தை நீக்க அச்சின் முகத்தைத் தேய்த்து மெருகிடுவது உண்டல்லவா? அதன்பின் அடித்த காசில் தடமே இராது. அப்போது பின்பருவக் காசு முன்பருவம் போல வேடம் போடுமே?

---

போடும், பாதி வேடம்தான். தேய்த்தால் தடத்தோடு கூந்தல் இழை, இலைக்காம்பு போன்ற ஆழமில்லாத கோடுகளும் மறையும். ஓடிய விரிசல் மறையாது. தடமும் இல்லை, காம்பும் இல்லை என்றால் அது மெருகிட்ட அச்சு என்று கண்டுகொள்ளலாம். இந்த வரிசை தெரிவதால்தான், ஒரே முன்பக்க அச்சு இரண்டு பின்பக்க அச்சுகளோடு சேர்ந்திருக்கும்போது எந்த இணை முந்தியது என்று சொல்ல முடிகிறது. விரிசல் இல்லாத இணை முதலில், விரிந்தது அப்புறம்.

சொற்கோவையில் இப்படிச் சேர்க்கிறேன்: அச்சுப் பருவம் – காசு அடிக்கப்பட்ட வேளையில் அச்சு அடைந்திருந்த தேய்வும் சேதமும்.

அச்சின் விளிம்புத் துண்டு பெயர்ந்ததால் காசில் நிற்கும் மேட்டைக் குறிக்கும் 'கட்' (cud) என்பதற்கு 'விளிம்புக் கட்டி' என்று குறித்து வைத்திருக்கிறேன். தனிமடலில் ஒருவர் 'விள்ளல்' என்கிறார். அழகான சொல்தான், ஆனால் விள்ளல் அச்சிலிருந்து பெயர்ந்து போனது. காசில் நமக்குத் தெரிவது கட்டி. வேறு கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.