ஒரு வரி கூட பொய் இல்ல, ஆனா கிளாஸே ஏமாந்துச்சு: கட்டுரைய எடபோடச் சொல்லிக் குடுத்த அனுபவம்

ஒன்பதாம் கிளாஸுக்கு மொழிப்பாடம் எடுக்குறேன். கதைன்னா பசங்க விடாம கேள்வி கேப்பாங்க, அவன் ஏன் அப்படிப் பண்ணான், இவ ஏன் பொறுத்துக்கிட்டான்னு. அதே பசங்ககிட்ட ஒரு கட்டுரையக் குடுத்தா கப்சிப். அச்சுல வந்துட்டா அது உண்மைதான்னு ஒரு நெனப்பு. மதிப்பிடுங்கன்னா சுருக்கத்த எழுதிட்டு கடைசில "பல பயனுள்ள தகவல்கள் உள்ளன"ன்னு முடிச்சிடுவாங்க, நானும் அதுக்கு மார்க் போட்டுட்டுதான் இருந்தேன்.

போன வருஷம் டைஹைட்ரஜன் மோனாக்சைடு பத்தி அரைப்பக்கம் எழுதிக் குடுத்தேன். ஆவியா பட்டா தோல் வெந்துரும், மூச்சுக்குழாய்க்குள்ள போனா உயிர் போகலாம், இரும்பு துருப்பிடிக்க இதுவும் காரணம், அமில மழையில பெரும்பகுதி இதான், புற்றுநோய்க் கட்டியில கூட இருக்கு, தடை பண்ணலாமான்னு கேட்டேன். 1997-ல அமெரிக்கால ஒரு 14 வயசுப் பையன் சயின்ஸ் ஃபேருக்காக 50 பேர்கிட்ட இப்படிக் கேட்டப்போ 43 பேர் தடை பண்ணணும்னாங்க, தண்ணின்னு கண்டுபிடிச்சது ஒரே ஒருத்தர். என் கிளாஸ்லயும் மளமளன்னு கை தூக்கிட்டாங்க.

தண்ணின்னு சொன்னதும் ஒரே கூச்சல். ஒரு பொண்ணு மட்டும் சிரிக்கல, பென்சில வச்சு ஒவ்வொரு வரியா தொட்டுத் தொட்டு மறுபடி படிச்சா. "மிஸ், இதுல ஒண்ணு கூட பொய் இல்லயே, அப்புறம் எப்படி ஏமாந்தோம்?" அன்னிக்கு மீதி பீரியட் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடுச்சு. எத சொல்லாம விட்டாங்க, எந்த அளவுக்கு மேல போனா ஆபத்து, தண்ணின்னு போடாம ரசாயனப் பேர ஏன் போட்டாங்க.

அதுக்கப்புறம் எந்தக் கட்டுரை எடுத்தாலும் மூணு கலர் பென்சில். சொல்ல வர்ற முடிவு சிவப்பு, ஆதாரம் நீலம், ஆதாரத்துலேருந்து அந்த முடிவுக்கு எப்படி வந்தாங்கங்கிறது பச்ச. ஸ்டீபன் டூல்மின்ங்கிற தத்துவவாதி 1958-லயே வாதத்த இப்படிப் பிரிச்சுக் காட்டியிருக்கார். பெரும்பாலும் பச்சைக்கு வேலையே இருக்காது, எழுதுறவங்க அத வெளிப்படையா சொல்றதில்ல. அந்த வரிய நீங்களே எழுதுங்கன்னு சொல்லுவேன், எழுதிப் பாக்குறப்பதான் பாதி வாதம் ஆட்டம் காணுறது தெரியும்.

—

டீச்சர், நான் ஒரு சின்ன விஷயத்துலேருந்து ஆரம்பிப்பேன். ஒருத்தர் பேசின ஒரே வாக்கியத்த போர்டுல நாலு தடவ எழுதி, கடைசி சொல்ல மட்டும் மாத்துவேன்: என்று கூறினார், என்று ஒப்புக்கொண்டார், என்று சமாளித்தார், என்று கொந்தளித்தார். ஒரு பையன் ரொம்ப நேரம் பாத்துட்டு, "சார், ஒப்புக்கொண்டார்னு போட்டாலே அவரு ஏதோ தப்பு பண்ணிட்டாருன்னு ஆயிடுதே"ன்னான். இப்ப செய்தி படிக்குறப்ப அந்தக் கடைசிச் சொல்ல வட்டம் போடாம விடறதில்ல.

—

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சன. சந்தேகப்படச் சொல்லிக் குடுத்தேன், ரெண்டு மாசத்துல எதக் குடுத்தாலும் "எல்லாமே ஒரு சார்புதான் மேடம்"னு ஒதுக்கித் தள்ள ஆரம்பிச்சாங்க. அதுவும் படிக்காம தப்பிக்குற வழிதானே, எனக்கு நெஜமாவே கவலையா இருந்துச்சு. வைன்பர்க், மெக்ரூன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் வரலாற்று ஆய்வாளர் 10, தகவல் சரிபார்ப்பவங்க 10, காலேஜ் பசங்க 25 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல சரிபார்ப்பவங்க மட்டும் குடுத்த வெப்சைட் பக்கத்துக்குள்ளயே உக்காந்து யோசிக்காம, உடனே வெளிய போய் இத எழுதினது யாரு, மத்தவங்க இவங்களப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாத்திருக்காங்க. அதப் படிச்சதுக்கப்புறம் நானும் விதிய மாத்தினேன், நம்பலன்னு சொல்லணும்னா வெளிய தேடிப் பாத்த ஒரு காரணத்தோட வரணும், நம்புறேன்னாலும் அதே மாதிரி.

—

மேடம் சொல்றது ரொம்ப சரி, என் பசங்களும் அப்படி ஒதுக்கித் தள்ளினாங்க. ஸ்கூலுக்கு மொபைல் கூடாதுங்கிற கட்டுரையக் குடுத்தேன், என் பசங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். ஆனா ஒருத்தன் சிவப்பு, நீலம், பச்ச மூணும் போட்டுட்டு ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தான்: "முடிவு எனக்குப் பிடிக்கல. ஆனா ரெண்டாவது ஆதாரத்துக்கு என்கிட்ட பதில் இல்ல." அந்தப் பேப்பர இன்னும் என் டிராயர்ல வச்சிருக்கேன்.