ஆவடி கேன்டீனில் கின்டிக் கணக்கு

ராணுவத்துக்கு ஆயுதம் செய்யும் அரசு ஆலைகளை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைக்க 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததும், ஆவடி ஆலையில் எங்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அடுத்து பிரைவேட்டா?" ஸ்டிரைக் பேச்சு கிளம்பியது. மாதம் முடிவதற்குள் அதைத் தடுக்கும் அவசரச் சட்டமும் வந்துவிட்டது. நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். மெஷின் ஷாப் நண்பர் ஒருவர் கேன்டீனில் என்னிடம் கேட்டார், "வெளிநாட்டுல எங்கயாவது இப்படி வித்திருக்காங்களா சார்?"

பிரிட்டனின் கின்டிக் கதையைச் சொன்னேன். அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பை 2001-ல் இரண்டாகப் பிரித்தார்கள். அதில் பெரிய பகுதிதான் கின்டிக். 2003-ல் அமெரிக்காவின் கார்லைல் முதலீட்டு நிறுவனம் 4.2 கோடி பவுண்டு கொடுத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. மூன்றே வருடத்தில், 2006 பிப்ரவரியில், கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 130 கோடி பவுண்டு. மேல்மட்ட அதிகாரிகள் பத்துப் பேர் போட்டது 5.4 லட்சம் பவுண்டு; அவர்கள் பங்கின் மதிப்பு 10.75 கோடி ஆகியிருந்தது.

நண்பர் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பழைய ஜாப் கார்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தார். "ஒண்ணுக்கு இருநூறு வருதே சார்!" அப்புறம் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: "இந்தப் பங்கை யார் பேசி முடிச்சாங்க?"

2007-ல் பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் குறை சொன்னதும் இதைத்தான். விற்பனை முடிவதற்கு முன்பே, வாங்க வந்தவர்களிடம் அதிகாரிகளே தங்கள் பங்கைப் பேசிக்கொள்ள அரசு விட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு. ராணுவத்தோடு போடவிருந்த 25 வருட ஒப்பந்தம் முடிவாகும் முன்பே கார்லைலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போட்டிக்கு வேறு ஆள் இல்லாதபோது விலை எப்படி ஏறும்? அரசுக்கும் நல்ல பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் இன்னும் கூடுதலாக வந்திருக்க வேண்டிய பணம் அது.

எங்கள் விஷயத்தில் அக்டோபர் 1 அன்று வாரியம் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. ராணுவம் ஏற்கெனவே அனுப்பியிருந்த இன்டென்ட்கள், அதாவது தேவைக் கோரிக்கைகள், 65,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தங்களாக மாறின. அதுவரை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று ஓடிய கணக்கு அது. இனி பேலன்ஸ் ஷீட் போட வேண்டும். ஆர்டரை முதலில் எழுத்தில் வைத்தது நல்ல வேலை என்றே இன்றும் சொல்வேன்.

பங்கு விற்கும் பேச்சு என்றாவது வந்தால், தொழிற்சங்க நண்பர்கள் "விற்காதே" என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பேரம் பேசும் மேஜையில் உட்காரும் அதிகாரிக்கு அந்த விற்பனையில் பங்கு உண்டா என்று எழுத்திலேயே கேளுங்கள்.