பனையேறி கதைக்குச் சொல் போதவில்லை

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரை வைத்துக் கதை எழுதுகிறேன். நாலு பக்கத்தில் 'மரம்' பதினேழு தடவை வந்துவிட்டது. அகராதியை வரிசையாகப் படித்தால் சொல்வளம் கூடுமா?

பதில்: அகராதி அப்புறம், தம்பி. என் தாத்தா பனையேறியவர். இளம்பனைக்கு வடலி என்று பெயர். ஏறும்போது காலில் மாட்டும் நார் வளையம் தளைநார், இடுப்பில் அரிவாள் வைக்கும் அரிவாள்பெட்டி. பாளையை, அதாவது பனம்பூக் குருத்தைச் சீவி, சாறு வடியக் கலயம் என்ற சிறு பானையைக் கட்டுவார். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மட்டையடியில் வலைபோல இருக்கும் பன்னாடையில்தான் வடிகட்டுவோம். அவர் பக்கத்தில் நின்றதால் வந்த சொற்கள் இவை.

இன்னொரு பதில்: எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியையும் பாருங்கள். சொற்களை ஒரே பக்கத்தில் கொட்டிவிடாதீர்கள்.

கேட்டவர்: அண்ணே, சித்திரையில் வந்தால் பதநீர் இறக்குவதைப் பார்க்கலாமா?

முதலில் பதில் சொன்னவர்: தாராளமாக. விடியுமுன் வந்துவிடு.